ஏழாவது யோசனை

ஜமுனா எழுதி அனுப்பிய யோசனைகள் மொத்தம் பத்து. அவற்றில் ஏழாவதுதான் சென்னையில் போன் விளையாட்டுகள் செய்யும் கம்பெனியில் இருக்கும் வின்சென்ட்டுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதைப் பற்றிப் பேச அன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு வீடியோவில் வருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டேகாலுக்கே அவள் முகம் கழுவிப் பொட்டு வைத்து, கல்லூரியில் வாங்கிய பழைய லேப்டாப்பை அரிசி டிரம்மின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே காற்று திரும்பியிருந்தது. காலையில் கரையிலிருந்து கடலுக்குப் போன காற்று இப்போது வடக்கிலிருந்து வந்து கொடியில் கிடந்த துணிகளைச் சுவரோடு அறைந்துகொண்டிருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

"ராணி மாதிரி உக்காந்துகினு கீறே. கருவாட்டை நான் ஒருத்தியே அள்ளணுமா?" என்று வாசலில் நின்று கேட்டாள் மாமியார் லோகநாயகி.

"அரை மணி நேரம் அத்தை. முக்கியமான பேச்சு."

"போன்ல வூடு கட்டுறதுல இன்னாடி முக்கியம்? இந்த வூட்டுக் கூரை ஒழுவுது, அதைக் கட்டு முதல்ல."

சொல்லிவிட்டு அவள் கூடையோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டாள். லோகநாயகியின் பேச்சு எப்போதும் அப்படித்தான். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் ஜமுனாவுக்கு அது பழகிவிட்டது.

விளையாட்டின் பெயர் புதுக்கரை. அதில் ஜெயிப்பது, தோற்பது என்று எதுவும் கிடையாது. ஒரு வெறுங்கரையில் நம்மை இறக்கிவிடுவார்கள். மண், மரம், கல் எல்லாம் எடுத்து நமக்குத் தோன்றியதைக் கட்டிக்கொள்ளலாம். சுண்ணாம்புக்குளத்தில் நெல் விளைக்கும் வீட்டில் பிறந்த ஜமுனா பி.எஸ்ஸி. படிக்கும்போது அதை ஆட ஆரம்பித்தாள். பக்கத்துக் கரையில் யாரோ ஒருவன் படகுத்துறை கட்டுவதும், புயல் வந்து அடித்துப் போவதும், மறுபடி கட்டுவதுமாக இருந்தான். நான்காம் முறை அவன் மேல் இரக்கப்பட்டு இவள் நூறு மரம் கொடுத்தாள். ஆறு மாதம் அரட்டை அடித்த பிறகுதான், அவன் பெயர் பூபதி என்பதும், பழவேற்காடு ஏரியின் ஒரு ஓரத்தில் இவள் இருக்க, மறு ஓரத்தில் லைட்ஹவுஸ் குப்பத்தில் அவன் மீன் பிடிக்கிறான் என்பதும் தெரிந்தது. அவளுடைய நைனா மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு தாமே போய் மண்டபம் பிடித்தார். அது வேறு கதை.

புதுக்கரையில் வரும் இயற்கை ஆபத்துகள் சப்பென்று இருக்கின்றன என்று ஆடுகிறவர்கள் நெடுநாளாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். புயல் வருகிறதென்றால் திரையில் சிவப்பு எழுத்து மின்னும், சங்கு ஊதும், பத்து எண்ணுவதற்குள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போதும். இதை எப்படி மேம்படுத்தலாம், உங்கள் யோசனைகளை எழுதுங்கள் என்று வின்சென்ட்டின் சிறிய கம்பெனி கேட்டபோது, முந்நூறு பேருக்கு மேல் எழுதினார்கள். நெருப்பு மழை வேண்டும் என்றான் ஒருவன். சுறாவைப் பெரிதாக்கு என்றான் இன்னொருவன். ஜமுனா எழுதியது வேறு மாதிரி. சங்கு ஊத வேண்டாம். தண்ணீரின் நிறம் மாறட்டும், பறவைகள் இடம் மாறட்டும், கவனிக்கிறவனுக்கு மட்டும் தெரியட்டும் என்று முதலாவது. ஆபத்து வந்துபோன பிறகும் இருக்க வேண்டும், உப்புத் தண்ணீர் ஏறிய வயலில் இரண்டு போகம் எதுவும் முளைக்கக்கூடாது என்று நான்காவது. அது அவளுடைய நைனாவின் வயலில் நடந்தது. ஏழாவதைப் பூபதி சொல்லச் சொல்லத்தான் எழுதினாள்.

குப்பத்தில் கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் போட்டுகள் நேரே மணலில் வந்து ஏறிவிடும். வாடைக்காற்று எழும்பினால் அது நடக்காது, கரை அலை புரட்டிவிடும். அப்போது வடக்கே இருக்கும் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைய வேண்டும். முகத்துவாரம் பார்க்க அகலமாக இருக்கும். ஆழமான இடம் மட்டும் ஒரு தெருவின் அகலத்துக்குத்தான். மிச்சமெல்லாம் தண்ணீருக்கடியில் மணல்திட்டு. அந்த ஆழமான வாய்க்கால் இந்த வாரம் இருக்கும் இடத்தில் அடுத்த வாரம் இருக்காது. அதனால் வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருந்தார்கள். முறைக்காரன் மூங்கிலை விட்டு ஆழம் பார்த்து, தெற்குக் கரையில் இரண்டு சவுக்குக் கொம்புகளை நடுவான். தண்ணீர் ஓரத்தில் சிவப்புத் துணி கட்டிய முன்கொம்பு, அறுபது அடி தள்ளி மேட்டில் வெள்ளைச் சாக்கு கட்டிய பின்கொம்பு. கடலிலிருந்து வருகிறவனுக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கொம்பாகத் தெரிந்தால் அவன் ஆழத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். முறைக்காரனைத் தவிர யாரும் கொம்பைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த வீட்டுக்கு ஒரு வருடம் முறை கிடையாது, குப்பத்துக் கூட்டத்தில் பேச்சும் கிடையாது.

மணல் நகர்ந்த பிறகும் கொம்பு நின்ற இடத்திலேயே நின்றால், புயலைவிட அதுதான் பெரிய ஆபத்து. ஆகவே விளையாட்டிலும் மணல் நகரட்டும். ஆடுகிறவன் தானே ஆழம் பார்த்துத் தன் குறியை மாற்றி நட்டுக்கொள்ளட்டும். இதுதான் ஏழாவது யோசனை. எழுத்தில் புரியவில்லை, காட்சியாகக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று வின்சென்ட் கேட்டிருந்தார்.

இந்த வாரம் முறை பூபதியுடையது. முந்தின நாள் சாயங்காலம்தான் கொம்பு நட்டிருந்தான். விடியலுக்கு முன்பே வஞ்சர வலையோடு அவன் கடலுக்குப் போய்விட, காலை எட்டு மணிக்கு ஆளில்லாத முகத்துவாரத்துக்கு ஜமுனா போனாள். பின்கொம்புக்குப் பின்னால் மீன் அள்ளும் ஒரு பிளாஸ்டிக் டப்பைக் கவிழ்த்து, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து மூன்று வீடியோக்கள் எடுத்தாள். முதலில் சரியான குறி. பிறகு முன்கொம்பைப் பிடுங்கிப் பதினைந்து அடி தெற்கே நட்டுத் தவறான குறி. பிறகு மறுபடி பழைய இடத்திலேயே நட்டுச் சரியான குறி. பழைய குழி தூர்ந்துபோகும் என்று தெரிந்து, அடையாளத்துக்குத் தன் இடது செருப்பை அதன்மேல் வைத்துவிட்டுத்தான் கொம்பைப் பிடுங்கினாள். யாரும் பார்க்கவில்லை. பத்தே நிமிட வேலை.

வின்சென்ட் சரியாக இரண்டரைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுகிற மனிதர். ஏழாவது யோசனையை அடுத்த பதிப்பில் சேர்க்கப் போகிறோம், உங்கள் பெயரும் வரும் என்றார். ஜமுனாவுக்குக் காது சூடாயிற்று. பூபதி வந்ததும் முதலில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தலையாட்டினாள். அவர் மூன்று வீடியோக்களையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

"மூணாவது மட்டும் திரும்ப எடுத்து அனுப்ப முடியுமா ஜமுனா? அதுல கொம்பு பழைய இடத்துக்கு வந்துடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஆனா முதல்ல ரெண்டு கொம்பும் ஒண்ணாத் தெரியுது. இதுல நடுவுல கடல் தெரியுதே."

அவள் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோனாள். முதல் படத்தில் முன்கொம்பு பின்கொம்பின் பின்னால் மறைந்து, சிவப்புத் துணி மட்டும் ஓரத்தில் படபடத்தது. மூன்றாவதில் இரண்டு கொம்புக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சைத் தண்ணீர்.

போன் ஆடியிருக்குமோ என்று பார்த்தாள். இல்லை. பின்கொம்பு மூன்றிலும் ஒரே இடத்தில்தான் நின்றது. அப்போதுதான் அவளுக்குக் காலில் ஒரு ஞாபகம் வந்தது. காலையில் முகத்துவாரத்திலிருந்து கிளம்பும்போது மாட்டிக்கொண்ட இடது செருப்பு நனைந்து சில்லென்று இருந்தது. காய்ந்த மணலில் வைத்த செருப்பு. இவள் தெற்கே போய்க் குழி தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஏதோ ஒரு அலை கொஞ்சம் அதிகமாக ஏறி வந்து செருப்பைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. செருப்பு இருந்த இடத்தை நம்பி அவள் கொம்பை நட்டுவிட்டாள்.

இரண்டு விரல் அகலம். கரையில் அது ஆறேழு அடி. வெளியே, கடலில் முந்நூறு அடி தள்ளி நின்று பார்க்கிறவனை அந்தக் கோடு முப்பது அடிக்கு மேல் விலக்கித் தெற்கு மணல்திட்டின் நடுமுதுகுக்குக் கொண்டுபோகும்.

ஜன்னலில் துணி அறைந்தது. வாடைக்காற்று. இன்று எல்லாரும் முகத்துவாரம் வழியாகத்தான் வருவார்கள்.

வின்சென்ட் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் லேப்டாப்பை மூடக்கூட இல்லை.

ஓடிக்கொண்டே பூபதிக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. முத்துராஜ், கண்ணப்பன் என்று அவனோடு போன மற்றவர்களின் எண்களைப் போட்டாள். அதே பதில். ஐந்து போட், பதினெட்டு பேர். மூன்று மணிக்கு மேல் எந்த நிமிடமும் வருவார்கள். முதலில் நுழைகிறவன் முறைக்காரன். அவன் போன தடத்திலேயே மற்றவர்கள் வருவார்கள். வேறு யாராவது நட்ட கொம்பாக இருந்தால் பூபதி கொஞ்சம் நிதானித்து, அலை உடையும் இடத்தைப் பார்த்து, சந்தேகப்பட்டிருப்பான். இது அவன் கையால் நட்ட கொம்பு. ஏன் சந்தேகப்படப் போகிறான்?

கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த லோகநாயகி, மருமகள் வெறுங்காலோடு, முந்தானை பறக்க வடக்கே ஓடுவதைப் பார்த்தாள். இன்னா ஆச்சு, ஏன் இப்படி ஓடுறே என்று கூப்பிட்டாள். ஜமுனா நின்றாள். நின்றிருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"கொம்பை நான் நவுத்திட்டேன் அத்தை. வீடியோ எடுக்க. திரும்ப நட்டது தப்பான இடம்."

லோகநாயகிக்கு முதலில் புரியவில்லை. பிறகு கடலைப் பார்த்தாள். கொடித்துணி பறக்கும் திசையைப் பார்த்தாள். கூடையைக் கீழே போட்டாள். கருவாடு மணலில் சிதற, ஒரு வார்த்தை திட்டாமல், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தாள். அவள் திட்டாதது ஜமுனாவை இன்னும் பயமுறுத்தியது.

ஒன்றரை கிலோமீட்டர் மணல். கால் புதைந்து புதைந்து வந்தது. ஐம்பத்திரண்டு வயது லோகநாயகி பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றாள். நீ போ, நீ போ என்று கையை ஆட்டினாள். பிறகு தானும் வந்தாள்.

முகத்துவாரத்தில் கடல் ஏற்றம் வந்துகொண்டிருந்தது. காலையில் காய்ந்த மணலில் நின்ற முன்கொம்பு இப்போது முழங்கால் தண்ணீரில் நின்றது. சிவப்புத் துணி தெற்கே நீட்டிப் படபடத்தது. வெளியே அலைகள் வரிசையாக வந்து, தெற்குத் திட்டில் மோதி வெள்ளையாகச் சிதறின. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் உடையாமல், பழுப்பாக, நெளிந்து வந்தன. அதுதான் வாய்க்கால் என்று ஜமுனா தன் முதலாவது யோசனையிலேயே எழுதியிருக்கிறாள். கொம்பு காட்டும் கோடு அங்கே போகவில்லை. வெள்ளை நுரையின் நடுவுக்குப் போயிற்று.

"எத்தினி அடி நவுத்தணும்?" என்று பின்னாலிருந்து லோகநாயகி கேட்டாள்.

"வடக்கே. ஆறு அடி. இல்ல, ஏழு."

"ஆறா, ஏழா?"

ஜமுனா போனை எடுத்து முதல் வீடியோவைப் போட்டாள். பின்கொம்புக்குப் பின்னால் மண்டியிட்டு, படத்தையும் நேரில் தெரிவதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். காலையில் போன் இருந்தது மீன் டப்பின் மேல். டப்பை அவளே வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டாள். டப் இருந்த இடத்தின் அடையாளத்தைக் காற்று துடைத்துவிட்டிருந்தது. தலையை ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்தினால் கொம்பு ஐந்து அடியில் சரியாக இருந்தது. அந்தப் பக்கம் நகர்த்தினால் பத்து அடியில் சரியாக இருந்தது. எல்லா இடமும் சரியாகத் தெரிந்தது.

"தெரியல அத்தை."

"தெரியலன்னா?"

"எனக்குத் தெரியல. திரும்பவும் தப்பா நட்டுட்டா?"

லோகநாயகி கையை நீட்டிக் கடலைக் காட்டினாள். தொலைவில் ஒரு நீலப் புள்ளி அலையின் மேல் ஏறி மறைந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. நீல போட் பூபதியுடையது. போன மாதம்தான் இரண்டு பேருமாக வண்ணம் அடித்தார்கள். அவள் முழங்கையில் பட்ட நீலம் ஒரு வாரம் போகவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீல போட் திரும்பியது. வளைந்து, நிமிர்ந்து, மூக்கை நேரே இவர்களை நோக்கி வைத்துக்கொண்டது. கொம்பைப் பார்த்துவிட்டான். இரண்டும் ஒன்றாகத் தெரியும் கோட்டைப் பிடித்துவிட்டான். எஞ்சின் சத்தம் காற்றில் விட்டு விட்டுக் கேட்டது.

ஜமுனா தண்ணீருக்குள் இறங்கினாள்.

"பிடுங்கப் போறேன் அத்தை."

"பிடுங்கினா? கொம்பே இல்லாம இந்த வாடைல அவங்க வெளிய நிக்கணும்டி. எஞ்சின் நின்னுச்சுன்னா போட்டு குறுக்கே விழும்."

"இல்லாத கொம்பை அவரு நம்ப மாட்டாரு. இருக்கிற கொம்பை நம்பிடுவாரு."

லோகநாயகி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவளும் இறங்கினாள்.

காலையில் ஒரு கையால் பிடுங்கிய கொம்பு அது. இப்போது ஈரமணல் அதைக் கவ்விப் பிடித்திருந்தது. ஜமுனா கட்டிப்பிடித்து இழுத்தாள், அசையவில்லை. லோகநாயகி அதை முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னாள். இரண்டு பேரும் எதிரெதிராக நின்று ஆட்டினார்கள். ஒரு அலை வந்து இடுப்புவரை நனைத்து ஜமுனாவைக் கீழே தள்ளியது. வாயில் உப்பும் மணலும். எழுந்தாள். எஞ்சின் சத்தம் இப்போது விட்டு விட்டு வரவில்லை, தொடர்ந்து வந்தது. நிமிர்ந்து பார்க்கப் பயந்து கொம்பையே பார்த்துக்கொண்டு ஆட்டினாள். உள்ளே ஏதோ உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கொம்பு ஒரு சாண் மேலே வந்தது, இன்னொரு சாண், பிறகு மொத்தமாகக் கையோடு வந்து இரண்டு பேரையும் மல்லாத்தியது. லோகநாயகி சிவப்புத் துணியின் மேலேயே படுத்து அதைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டாள்.

ஜமுனா எழுந்து பார்த்தாள்.

நீல போட் வெள்ளை நுரைக்கு அவ்வளவு அருகில் வந்திருந்தது. முன்முனையில், அணியத்தில் நிற்கும் கண்ணப்பனின் மஞ்சள் பனியன் தெரிந்தது. பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு பூபதி. முகம் தெரியவில்லை. போட் அப்படியே வந்துகொண்டிருந்தது. அவன் பார்க்கவில்லையா? கண்ணில் தண்ணீர் அடித்திருக்குமா? அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை. கத்தி என்ன பயன்? ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரியாமல் நடந்தது. பத்து எண்ணுவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டால் போதும் என்பார்கள் விளையாட்டில். ஏழில் போட்டின் மூக்கு திரும்பியது.

திரும்பும்போது ஒரு அலை அதைப் பக்கவாட்டில் பிடித்தது. போட் சாய்ந்தது. நீல அடிப்பாகம் முழுவதும் தெரியும் அளவுக்குச் சாய்ந்து, அங்கேயே நின்றது போலிருந்தது. லோகநாயகியின் கை ஜமுனாவின் தோளில் வந்து விழுந்து, நகம் பதியப் பிடித்தது. பிறகு எஞ்சின் உறுமி, போட் நிமிர்ந்து, மறுபடி கடல் பக்கம் ஓடியது. பின்னால் வந்த நான்கும் அதைப் பார்த்துச் சிதறி விலகின.

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம். ஐந்து போட்டுகளும் வெளியே அலைக்கு எதிராக மூக்கை வைத்துக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கண்ணப்பன் அணியத்தில் மண்டியிட்டு மூங்கிலைத் தண்ணீரில் விட்டு விட்டு எடுப்பது தெரிந்தது. பூபதி பழுப்பு நீரின் ஓரமாகப் போட்டைக் கொண்டுவருவான், பின்வாங்குவான், இன்னும் கொஞ்சம் வடக்கே போவான். இரண்டு பெண்களும் ஈரப் புடவையோடு மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு முறை லோகநாயகி, பழுப்பா இருக்கிற இடம்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ஜமுனா. அவ்வளவுதான்.

கடைசியில் நீல போட் ஒரு பெரிய அலையின் முதுகில் ஏறி, பழுப்பு நீரின் நடுவாக, கொம்பு இல்லாத முகத்துவாரத்துக்குள் நுழைந்தது. பின்னாலேயே மூன்று. ஐந்தாவதாக வந்த முத்துராஜின் போட் திட்டில் ஒரு முறை தட்டிக் குலுங்க, அதன் ஐஸ் பெட்டியும் பாதி வலையும் கடலில் போயின. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

பூபதி இறங்கி வந்தபோது அவன் இடது உள்ளங்கை கயிறு அறுத்துப் பிளந்திருந்தது. மற்றவர்களும் வந்து சுற்றி நின்றார்கள். ஜமுனாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், மணலில் கிடந்த கொம்பைப் பார்த்தான்.

"கொம்பு இன்னா ஆச்சு?"

ஜமுனா வாயைத் திறப்பதற்குள் லோகநாயகி முந்திக்கொண்டாள். "அலை சாய்ச்சிடுச்சுடா. பாரு, நாங்க வந்து எடுத்துப் போட்டோம்."

சொன்ன குரலில் ஒரு நடுக்கம் கூட இல்லை. இத்தனை நாளாகக் கூரையையும் போனையும் சொல்லித் தன்னைக் குத்திக்கொண்டிருந்த இந்த அம்மாள் இப்போது ஊருக்கு முன்னால் தனக்காகப் பொய் சொல்கிறாள் என்பது ஜமுனாவுக்கு உறைக்க ஒரு கணம் ஆயிற்று. தலையை ஆட்டினால் முடிந்துவிடும். ஆனால் முத்துராஜ் அதற்குள் பூபதியின் பக்கம் திரும்பிவிட்டான். நேற்று நட்ட கொம்பு இன்று சாய்கிறதென்றால் எத்தனை சாண் இறக்கினாய் என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். பூபதியின் முகம் கறுத்தது. கொம்பை மறுபடி பார்த்தான், தன் கையையே சந்தேகப்படுகிறவன் போல.

"அலை இல்ல. நான்தான்," என்றாள் ஜமுனா.

எல்லாவற்றையும் சொன்னாள். வீடியோ, செருப்பு, இரண்டு விரல் அகலம், வின்சென்ட் கேட்டது. கடைசியில் முத்துராஜ், விளையாட்டுக்கா, என்று மட்டும் கேட்டான். கண்ணப்பன் மணலில் துப்பிவிட்டுப் போட்டை நோக்கி நடந்தான். பூபதி கொம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனான்.

அன்று சாயங்காலமே கூட்டம் கூடியது. பூபதியின் வீட்டுக்கு ஒரு வருடம் முறை கிடையாது, கூட்டத்தில் பேச்சும் கிடையாது. வழக்கப்படிதான். அவன் எழுந்து சரி என்று சொல்லிவிட்டு வந்தான். வந்து சாப்பிட்டான். லோகநாயகி ஊட்டிவிட வந்ததற்கு, வலது கை நல்லாத்தானே இருக்கிறது என்றான். ஜமுனாவிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவள் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், அவன் கையில் மஞ்சளும் துணியும் கட்டிவிட்டாள். கட்டும்போது கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதையே பெரிதாக எடுத்துக்கொண்டாள்.

லேப்டாப் இன்னும் டிரம்மின் மேல் திறந்தே கிடந்தது. வின்சென்ட் இரண்டு செய்தி அனுப்பியிருந்தார். முதலாவது, திடீரென்று போய்விட்டீர்களே, எல்லாம் நலமா என்று. அடுத்தது, மூன்றாவது வீடியோ கிடைத்தால் ஏழாவது யோசனையை முடித்துவிடலாம் என்று. ஜமுனா அதைப் படித்துவிட்டு, ஏழாவது வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று தட்டச்சு செய்தாள். அனுப்பப் போகும்போது பின்னால் பூபதி வந்து நின்றான்.

"ஏன் எடுக்கணும்?"

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள். "எப்படி வைக்கிறது பூபதி? இன்னிக்கு உன்னையே..."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் அவள் எழுதிய ஏழாவது யோசனையைத் திறந்து, உதடு அசையப் படித்தான். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதியதுதான். ஆனாலும் புதிதாகப் படிக்கிறவன் போல மெதுவாகப் படித்தான். ஒரு இடத்தில் நின்றான்.

"பதினஞ்சு அடின்னு போட்டிருக்கே. அது தப்பு. பதினஞ்சு அடி நவுந்தா நான் தூரத்துலயே கண்டுபுடிச்சிருப்பேன். ஆறு அடின்னு போடு. அதான் பயம்."

அவள் திருத்தினாள்.

"அப்புறம் மணல் நவுந்துச்சுன்னு மட்டும் எழுதி வச்சிருக்கே," என்றான். குரலில் இன்னும் கோபம் இருந்தது. அதை அவன் மறைக்கவும் இல்லை. "கொம்பை ஒரு ஆளும் நவுத்தலாம்னு போடு. தெரியாம நவுத்திட்டு, சரியா வச்சுட்டோம்னு நினைச்சுகினு போயிடலாம். எல்லாத்தையும் கடல் மேல போட்டுட முடியாது ஜமுனா."

வெளியே லோகநாயகி மணலில் சிதறிய கருவாட்டைப் பொறுக்கி வந்து உதறிக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் வீண் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"நவுத்தினவன் இன்னா பண்ணணும்?" என்று ஜமுனா கேட்டாள். "விளையாட்டுல."

பூபதி கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். "பிடுங்கணும்," என்றான். "அப்புறம் மத்தவங்ககிட்டச் சொல்லணும்."

அவள் அதையும் எழுதினாள்.